மணப்பெண்ணின் நெற்றி பளபளத்தால் மேக்கப் போட்டவரைத் திட்டாதீர்கள்

பெங்களூரு அல்சூர், சிவாஜிநகர் மண்டபங்களில் எடுத்த கல்யாணப் படங்கள் திருத்தத்துக்கு வரும்போதெல்லாம் ஒரே குறைதான். மணப்பெண்ணின் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைத் திட்டு, கன்னத்தில் கோடு கிழித்தாற்போல் மூக்கின் நிழல். "பவுடர் பத்தல, எண்ணெய் வழியுது" என்று பழி மட்டும் மேக்கப் போட்டவர் தலையில். போதும். கோளாறு முகத்தில் இல்லை, விளக்கின் அளவில் இருக்கிறது.

கேமரா மேல் மாட்டும் ஃபிளாஷான ஸ்பீட்லைட்டின் முகப்பு சுமார் 7 செ.மீ. அகலம். 2 மீட்டர் தள்ளி நிற்பவர் பார்வையில் அது அடைப்பது வெறும் 2 டிகிரி கோணம். மொத்த வெளிச்சமும் அந்தச் சின்ன இடத்திலிருந்தே வருவதால், வியர்வையிலும் நகையிலும் அதன் பிரதிபலிப்பு சிறுத்து, வெளுத்து எரிகிறது. அதே வெளிச்சத்தைப் பெரிய பரப்பில் விரித்தால் பிரதிபலிப்பு அகன்று மங்கும், அடியில் தோலின் நிறம் தெரியும்.

"பவரைக் குறைத்தால் நிழல் மென்மையாகிவிடும்" என்று இன்னும் எத்தனை பேர் நம்புகிறார்கள்! ஆகாது. பவரைக் குறைத்து, ஈடுகட்ட ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வை) ஏற்றினாலும் ஃபிளாஷ் போடும் நிழலின் ஓரம் அப்படியேதான் இருக்கும். நிழலின் கருமை வேறு, ஓரம் வேறு. கருமையை எதிர்ப்பக்கம் ஒரு தெர்மகோல் பிடித்துக் குறைக்கலாம். ஓரம் விளக்கின் அளவையும் தூரத்தையும் பொறுத்தது. மூக்கு நுனிக்கும் நிழல் விழும் கன்னத்துக்கும் 3 செ.மீ. என்று வையுங்கள். 2 மீட்டரில் 7 செ.மீ. ஃபிளாஷ் இருந்தால் நிழலின் ஓரம் 1 மில்லிமீட்டரில் முடிந்துவிடும். 1 மீட்டரில் 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (ஃபிளாஷ் முன் மாட்டும், முகப்பில் வெள்ளைத் துணி போட்ட பெட்டி) வைத்தால் அதே ஓரம் கிட்டத்தட்ட 2 செ.மீ. வரை கரைந்து போகும்.

ஃபிளாஷ் தலையில் மாட்டும் பிளாஸ்டிக் மூடியாலும் விளக்கு பெரிதாகிவிடாது. வெள்ளைச் சுவர் உள்ள சின்ன அறையில் அது பலன் தருவது சுவரால். உயரக் கூரை மண்டபத்தில் பேட்டரிதான் வீண்.

சாஃப்ட்பாக்ஸ் வாங்கியவர்களும் அதை மேடைக்கு 3 மீட்டர் தள்ளி நிறுத்துகிறார்கள். முகத்திலிருந்து 60 செ.மீ.யில் 50 டிகிரிக்கு மேல் விரியும் பெட்டி, அங்கே 11 டிகிரியாகச் சுருங்கிவிடும். சூரியனின் குறுக்களவு சுமார் 14 லட்சம் கி.மீ. ஆனாலும் 15 கோடி கி.மீ. தள்ளி இருப்பதால் நமக்கு அது அரை டிகிரிதான். உச்சிவெயிலில் அல்சூர் ஏரிக்கரையில் எடுத்த படங்களில் கண் குழியில் நிழல் கோடு கிழித்தாற்போல் விழுவது இதனால். மேகம் மூடினால் வானம் முழுக்க விளக்காகிவிடும்.

ஆகவே பெட்டியைக் கிட்டே கொண்டுவாருங்கள். 3 மீட்டரிலிருந்து 1.5 மீட்டருக்கு வந்தால் வெளிச்சம் 4 மடங்காகும், ஃபிளாஷ் பவரை 2 ஸ்டாப், அதாவது கால் பங்காக, குறையுங்கள். குடும்பப் படத்துக்கு மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், விளக்குப் பக்க ஓரத்தில் நிற்கும் மாமா வெளுத்துவிடுவார். அங்கே 1.5 மீட்டர் அகல ஃபிளாஷ் குடையை 3 மீட்டரில் வையுங்கள்.

பெட்டி இல்லையா? சலவை செய்த வெள்ளை வேட்டியை இரண்டு ஸ்டாண்டுக்கு நடுவே கட்டி, ஃபிளாஷை அதற்கு 1 மீட்டர் பின்னால் வையுங்கள். ஒட்டி வைத்தால் துணியின் நடுவில் ஒரு வட்டம் மட்டும் ஒளிரும், அந்த வட்டம்தான் அப்போது உங்கள் விளக்கு. ஹாலஜன் விளக்கின் மேல் துணியைப் போர்த்தவே கூடாது, தீப்பிடிக்கும். இதைக் கெஞ்சியே சொல்கிறேன்.

வைரத் தோட்டுக்கு மட்டும் பெரிய விளக்கு போதாது, கல் மங்கித் தெரியும். குறைந்த பவரில் ஒரு சின்ன விளக்கைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெண் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். அலங்காரம் பேசும்போதே மணமேடையின் ஒரு பக்கம் லைட் ஸ்டாண்டுக்கு 1.5 மீட்டர் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். தாலி கட்டும் நேரத்தில் பூந்தூணை நகர்த்த முடியாது.