கொப்பரையில் இட்லி, கடலில் டயட்டம்

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். உணவுச் சங்கிலிப் பாடத்துக்காகக் கரும்பலகையில் பிரமிடு வரைந்தாராம். அடியில் அகலமாகப் புல், அதற்கு மேல் மான், உச்சியில் புலி. ஒரு பையன் எழுந்து, "டீச்சர், கடல்ல புல்லே இல்லையே, அத்தனை மீனும் எதைத் தின்னுது?" என்று கேட்டுவிட்டான். "மிதவை உயிரிகளை என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கண்ணுக்கே தெரியாத அது எப்படிப் போதும் என்று எனக்கும் புரியவில்லை" என்கிறார்.

பாக் நீரிணையில் கடற்பசு மேயும் கடற்புல் உண்டு. ஆனால் அது கரையோர ஆழமில்லாத இடத்து விஷயம். நடுக்கடலைப் பொறுத்தவரை பையன் கேட்டது சரியான கேள்வி.

பாடப் புத்தகத்தில் இருப்பதை வேகமாகக் கடந்துவிடலாம். தாவரம் வெயிலைப் பிடித்துச் சர்க்கரையாக்குகிறது. அதைத் தின்கிற உயிர் நடக்க, மூச்சு விட, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள என்று பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறது. செலவானது வெப்பமாகப் போய்விடும், திரும்பி வராது. சதையாகச் சேர்வது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இதை 'லிண்டேமன் விதி' என்று மனப்பாடம் செய்திருப்போம். வேடிக்கை என்னவென்றால், ரேமண்ட் லிண்டேமன் என்ற சூழலியலாளர் அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடார் போக் என்ற சின்ன ஏரியில் போட்ட கணக்கில் வந்தவை 13.3, 22.3 சதவீதங்கள். பத்து என்பது பிற்பாடு வசதிக்காக ஒட்டிக்கொண்ட எண். அந்தக் கணக்கை அவர் எழுதிய கட்டுரையை மதிப்பிட்டவர்கள், இவ்வளவு பெரிய கோட்பாட்டுக்கு இந்தத் தரவு போதாது என்று முதலில் நிராகரித்தார்கள். ஒருவழியாக 1942இல் அது அச்சில் வந்தபோது, 27 வயதுகூட நிறையாத லிண்டேமன் உயிரோடு இல்லை. ஒரு குட்டையின் சேற்றில் வருடக்கணக்காகப் புழு எண்ணப் போகிறேன் என்று இன்று யாராவது நிதி கேட்டால், "இதனால் யாருக்கு லாபம்?" என்றுதான் முதல் கேள்வி வரும். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. சரி, கடலுக்கு வருவோம்.

தரையில் பிரமிடு ஒழுங்காக நிற்கிறது. உலகத் தாவரங்களில் இருக்கும் கார்பன் மட்டும் சுமார் 45,000 கோடி டன். யானை முதல் எறும்பு வரை நிலத்து விலங்குகளை எல்லாம் கூட்டினாலும் அதில் நூற்றில் ஒரு பங்கு தேறாது. கடலிலோ வெயிலைப் பிடிக்கும் உயிர்கள் அதே கார்பன் கணக்கில் வெறும் 100 கோடி டன் அளவில்தான் இருக்கின்றன. அவற்றை நம்பி வாழ்பவை, பாக்டீரியா முதல் திமிங்கலம் வரை, சுமார் 500 கோடி டன். பிரமிடு தலைகீழாக நிற்கிறது. ஒரு பங்கு புல்லை ஐந்து பங்கு ஆடு மேய்ந்தால் மறுநாளே பட்டினிதானே?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். காலை எட்டு மணிக்கு உங்கள் ஊர் இட்லிக் கடை ஒன்றுக்குப் போங்கள். உள்ளே கொப்பரையில் வேகிற இட்லியையும் தட்டுகளில் இருக்கிற இட்லியையும் சேர்த்துத் தராசில் வைத்தால் பத்துக் கிலோ வருமா? மேசைகளில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரின் எடை இரண்டாயிரம் கிலோவைத் தாண்டும். யாரும் பசியோடு எழுந்து போவதில்லை. ஓர் ஈடு இறங்குவதற்குள் அடுத்த ஈடு ஏறிவிடுகிறது. எந்த நொடியில் படம் எடுத்தாலும் கடையில் இட்லி கொஞ்சம்தான் தெரியும். காலை முழுக்க எத்தனை வெந்தது என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கடலின் கொப்பரையில் வேகிறவை டயட்டம் போன்ற ஒற்றைச் செல் பாசிகள். இட்லி குட்டி போடாது. டயட்டம் போடும்: நல்ல வெளிச்சமும் சத்தும் கிடைத்தால் ஒரே நாளில் ஒன்று இரண்டாகிவிடும். ஆண்டு முழுவதும் இவை சேர்க்கும் கார்பன் ஏறத்தாழ 5,000 கோடி டன். கையிருப்பு 100 கோடி டன்தான். வகுத்துப் பாருங்கள், வருடத்துக்கு 50 ஈடு! வாரத்துக்கு ஒரு முறை கடலின் 'புல்' மொத்தமும் தின்னப்பட்டோ செத்தோ, புதிதாக முளைத்திருக்கும். உலகத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் கிட்டத்தட்டப் பாதி இப்படித்தான் நடக்கிறது. ஆக, தலைகீழாக நிற்பது எடைப் பிரமிடு மட்டுமே. ஓர் ஆண்டில் ஒவ்வொரு படியிலும் பாயும் ஆற்றலை வரைந்தால் கடலிலும் அடிதான் அகலம். அது தலைகீழாக நிற்கவே முடியாது.

மரம் ஏன் இப்படிச் செய்வதில்லை? பக்கத்து மரத்தைவிட உயரமாக எழுந்து வெயில் வாங்க அதற்குத் தண்டு வேண்டும். கரையானும் பூஞ்சையும் தவிர அந்தக் கட்டையைச் செரிக்க ஆள் குறைவு, அதனால் எடை நூறாண்டுகூட அப்படியே நிற்கும். மிதக்கிற டயட்டத்துக்குத் தண்டு தேவையில்லை. பெற்றதை எல்லாம் அடுத்த டயட்டத்தில் போட்டுவிடுகிறது.

வெந்த இட்லியைத் தின்ன ஆள் வராவிட்டால் ஊசிப்போகும். 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியது அந்த மாதிரி விவகாரம். மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் மிதவை உயிரி அளவுக்கு மீறிப் பெருகியது. அவ்வளவும் அழுகும்போது பாக்டீரியாக்கள் தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், மீனுக்கு மூச்சு முட்டும். அதற்கு முந்தைய மாதம் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததும் இதே இனத்தால்தான். கடல் நிறம் மாறினால் சுனாமி வரும், தெய்வக் குற்றம் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

மீன் கடை விலையிலும் இந்தக் கணக்குக்கு ஒரு பங்கு உண்டு. பத்தில் ஒன்று என்றே வைத்துக்கொண்டால், 1,000 கிலோ டயட்டம் 100 கிலோ கோப்பிபாட் என்ற பொடிப் பூச்சியாகி, அது 10 கிலோ நெத்திலியாகி, அது ஒரு கிலோ வஞ்சிரமாகிறது. சாளையோ டயட்டத்தையே நேரடியாக வடிகட்டித் தின்னும். நடுவில் தரகர் குறைவு, அதனால் கூட்டம் கூட்டமாகக் கிடைக்கிறது. என் ஓட்டு நெத்திலி வறுவலுக்கு, அது வேறு கதை.

மதுரையில் கடல் இல்லை, கண்மாய் இருக்கிறது. டீச்சர், பச்சை தட்டிய கண்மாய்த் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்துப் பள்ளி நுண்ணோக்கியில் அந்தப் பையனுக்குக் காட்டுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால், வெட்டி வெட்டி நீந்தும் ஒற்றைக்கண் பூச்சி ஒன்று சிக்கும். சைக்ளாப்ஸ் என்று பெயர், கோப்பிபாட் குடும்பத்து நன்னீர்ப் பங்காளி. அதன் உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். குடலில் பச்சையாக ஏதாவது தெரிந்தால், அது காலை ஈடு.