நெஞ்சு படபடக்கும்போது பாதத்தைக் கவனியுங்கள்

உளவள ஆலோசனைக்கு வரும் தமிழர்கள், குறிப்பாக ஐம்பது வயதைக் கடந்தவர்கள், "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று பேச்சைத் தொடங்குவது அரிது. "நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது", "வயிற்றைப் பிசைகிறது", "கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் உணர்ச்சியை மறைக்கிறார்கள் என்று எண்ணுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உணர்ச்சி வந்து இறங்கும் இடத்தை அவர்கள் சரியாகவே சுட்டிக்காட்டுகிறார்கள், தணிக்கும் வேலையையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அச்சமோ கடுங்கோபமோ எழும்போது மூளையின் அமிக்டலா என்னும் பகுதி அபாய மணி அடிக்க, அட்ரினலின் என்னும் இயக்குநீர் சுரந்து, இதயத் துடிப்பு விரைவடைந்து, மூச்சு மேலெழுந்தவாரியாக ஓடத் தொடங்குகிறது. சீர்தூக்கிப் பார்க்கும் மூளை முன்பகுதியின் பிடி அந்நேரத்தில் தளர்ந்துவிடுவதால், "ஒன்றும் ஆகாது, அமைதியாக இரு" என்று வீட்டார் சொல்வது காதில் விழுந்தாலும் மனத்தில் தங்குவதில்லை. (சொல்பவர் கணவராக இருந்தால் கோபம் இன்னும் கூடுவதையும் கண்டிருக்கிறேன்.) அறிவுரை எட்டாத அந்த நிலையில் தொடு உணர்வும் ஓசையும் வாசனையும் எட்டும்.

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். காலை நெரிசலில் பெருவிரைவு ரயிலில் ஏறினாலே மூச்சு முட்டி, வேலையிடத்துக்கு நான்கு நிலையங்கள் முன்னதாகவே இறங்கிவிடும் நாற்பது வயதுப் பெண்மணி அவர். இதயத்தில் கோளாறில்லை என்று மருத்துவர் உறுதி செய்திருந்தார். காணொளிகளைப் பார்த்து மூச்சுப் பயிற்சி செய்தும் நிலைமை மோசமாகியதாக வருந்தினார். இது வியப்புக்குரியதன்று. மூச்சு முட்டுகிறதே என்று அஞ்சுபவரிடம் மூச்சையே கவனிக்கச் சொன்னால் அச்சம் வளரக்கூடும்; பெருமூச்சாக இழுத்து இழுத்து விட்டாலோ, இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, தலைசுற்றலும் விரல்களில் மரமரப்பும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே பாதத்திலிருந்து தொடங்கினோம். காலணிக்குள் குதிகாலை அழுத்துவது, பிறகு விரல்களை அழுத்துவது, கைப்பிடிக் கம்பியின் குளிர்ச்சியை உள்ளங்கையில் உணர்வது. அதன்பின், கண்ணில் படும் 5 பொருள்கள், தொட்டு உணரக்கூடிய 4, காதில் விழும் 3 ஓசைகள், 2 வாசனைகள், 1 சுவை என இறங்குவரிசையில் மனத்துக்குள் பெயர் சொல்வது. நெரிசலில் வாசனைக்கு எங்கே போவது என்று கேட்டவர், மறுவாரம் கைப்பையில் கோடாலித் தைலக் குப்பியோடு வந்தார். அதுவே போதும். எண்ணிக்கை தவறினாலும் பாதகமில்லை. "கறுப்புப் பை, சிவப்புக் குடை" என்று எதிரில் இருப்பதைத் தேடிப் பெயரிடும் வேலை, "அடுத்து என்ன ஆகுமோ" என்று முன்னால் ஓடும் எண்ணத்தை இப்போது நிற்கும் இடத்துக்கு இழுத்து வருகிறது.

மூச்சுப் பயிற்சி ஒத்துவருபவர்கள், 4 எண்ணும் வரை மெதுவாக உள்ளிழுத்து 6 எண்ணும் வரை வெளிவிடலாம். வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுக் குறைவதால், நீளவேண்டியது வெளிமூச்சே. முகத்தில் குளிர்ந்த நீரை அடிப்பதும் பலருக்கு உதவுகிறது. இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பலரும் தவறுவது ஓரிடத்தில்தான்: இவற்றைப் பதற்றம் உச்சத்துக்கு ஏறிய பிறகே முதன்முதலாக முயல்கிறார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கில் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் ஒரு நிமிடத்தில், மனம் சாதாரணமாக இருக்கும்போதே, நாள்தோறும் பழகினால்தான் வேண்டிய நேரத்தில் உடல் தானாக அதைச் செய்யும். அந்தப் பெண்மணிக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. படபடப்பு இன்றும் சில நாள்களில் வருகிறது, ஆனால் அவர் இடையில் இறங்குவதில்லை.

படபடப்புக்கு ஆளாக்கிய கடனையோ குடும்பச் சண்டையையோ இப்பயிற்சிகள் தீர்க்கப்போவதில்லை. அதைப் பேசித்தான் ஆகவேண்டும். நெஞ்சுவலி புதிதாக வந்தால் பதற்றம் என்று நீங்களே முடிவுகட்டாமல், சிங்கப்பூரில் அவசர மருத்துவ வண்டிக்கான 995ஐ அழையுங்கள். மனம் விட்டுப் பேச தேசிய மனநல உதவி எண் 1771 இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767இல் அழைக்கலாம். இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.