பீரோவில் பத்திரமாக இருந்த கேமராதான் முதலில் கெடுகிறது

இந்த வாரமும் ஒன்று வந்தது. கேனான் 1500டி, கூடவே 18-55 எம்எம், 55-250 எம்எம் என்று இரண்டு லென்ஸ். பெண் பிறந்தபோது வாங்கியிருக்கிறார்கள். முதல் பிறந்தநாள் வரை ஆசை ஆசையாக எடுத்திருக்கிறார்கள், அப்புறம் மொபைலே போதும் என்றாகிவிட்டது. இப்போது அவள் பள்ளி ஆண்டுவிழாவில் ஆடப்போகிறாள் என்று வெளியே எடுத்தால் படத்தில் விளக்கைச் சுற்றி ஒரே புகைமூட்டம். "ஒரு தடவைகூட கீழே போடலண்ணா, ஒரு சொட்டு தண்ணி படல, பையோட பீரோவுல பத்திரமா வச்சிருந்தோம்" என்று அந்த அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. லென்ஸ் கெட்டதே அதனால்தான்.

சென்னையில் கேமரா, லென்ஸ் பழுது பார்ப்பது என் தொழில். கீழே விழுந்து உடைந்து வருவதைப் பார்த்து எனக்கு அவ்வளவு வருத்தம் வருவதில்லை, ஏதோ எடுக்கப் போன இடத்தில் விழுந்தது, சரி. எடுக்காமலே, மூடிய பைக்குள் இருந்தே செத்துப்போய் வருகிற லென்ஸைப் பார்க்கும்போதுதான் மனசு ஆறவில்லை. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் இதே கதை, இதே வாக்கியம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த 55-250-ஐ அவர் கண்முன்னேயே இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துக் காட்டினேன். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. லென்ஸைக் கொஞ்சம் சாய்த்ததும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வெள்ளை இழைகள், ஒவ்வொன்றும் கிளைவிட்டு, அந்தக் கிளையும் கிளைவிட்டு, வேர் பரவுகிற மாதிரி பரவியிருந்தன. "இது தூசிதானே, துடைச்சா போயிடுமில்ல?" என்றார். போகாது. அது இருப்பது உள்ளே, மூன்றாவது நான்காவது கண்ணாடியில். அது தூசியே இல்லை. பூஞ்சை, கடையில் நாங்கள் எல்லோரும் சொல்கிற ஃபங்கஸ்.

ஃபங்கஸ் வர லென்ஸ் நனைய வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நனைய வேண்டியதே இல்லை. காற்றில் இருக்கிற ஈரப்பதம் போதும். பூஞ்சையின் வித்து எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கிறது, புது லென்ஸுக்குள்ளும் இருக்கலாம். இருட்டு அதற்குத் தோது. அது முளைக்கக் காற்றோட்டம் இல்லாத இடம் வேண்டும், சில நாள் தொடர்ந்து 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும், தின்பதற்குக் கொஞ்சம் தூசியோ விரல் எண்ணெயோ துணி நாரோ வேண்டும். இப்போது உங்கள் பீரோவை நினைத்துப் பாருங்கள். இருட்டு. காற்றோட்டம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டுவது சாதாரணம், பீரோவுக்குள் இருப்பதும் அதே காற்றுதான். அதற்குள்ளே பஞ்சு வைத்துத் தைத்த பை, அந்தப் பஞ்சு ஒருமுறை ஈரத்தை இழுத்தால் லேசில் விடாது. தோல் பை என்றால் இன்னும் மோசம், பூஞ்சைக்குத் தோலே சாப்பாடு. கேமராப் பை என்பது வீட்டிலிருந்து வேடந்தாங்கலுக்கும் பழவேற்காட்டுக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கு. அதில் வைத்துக் குடித்தனம் பண்ணக் கூடாது.

தினமும் எடுக்கிற கல்யாண போட்டோகிராபர்களின் லென்ஸ்கள் அழுக்காக வரும், உரசலோடு வரும், ரப்பர் பிய்ந்து வரும். ஃபங்கஸோடு வருவது அபூர்வம். வெளிச்சம் படுகிறது, காற்றுப் படுகிறது, ஜூம் வளையத்தைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே இருக்கிற காற்று மாறுகிறது. உபயோகிக்கிற லென்ஸ் பிழைக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

கேமராவோடு கொடுக்கிற கையேட்டை யாரும் பிரிப்பதே இல்லை. நிக்கான் கையேடுகளில் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள்: மாதம் ஒருமுறையாவது கேமராவை வெளியே எடுத்து, ஆன் செய்து, சில தடவை கிளிக் செய்துவிட்டு வையுங்கள் என்று. அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது, பாச்சை உருண்டையோடு சேர்த்து வைக்காதீர்கள் என்று. நம் வீட்டுப் பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் பாச்சை உருண்டை, அதற்குப் பக்கத்தில் கேமரா. அந்த ஆவி பிளாஸ்டிக்குக்கும் ஆகாது, கண்ணாடிக்கும் ஆகாது. பூச்சி வராமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் வைக்கிறார்கள், தயவுசெய்து வைக்காதீர்கள்.

எடுக்காமல் பத்திரமாக வைத்திருந்தால் கெடாது என்கிற நம்பிக்கைதான் பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே மிரர் வைத்த, லென்ஸ் மாற்றுகிற கேமரா) வாங்குகிறவர்களையும் கவிழ்க்கிறது. இன்றைக்கு ஆர்வத்தோடு கற்றுக்கொள்ள நினைக்கிற ஒருவருக்குப் பழைய டிஎஸ்எல்ஆர் நல்ல தேர்வுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கம்பெனிகள் அந்த மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம் போய்விட்டன, நிக்கான் டி3500, டி5600 எல்லாம் இப்போது தயாரிப்பிலேயே இல்லை, அதனால் விலை இறங்கிக் கிடக்கிறது. 24 மெகாபிக்சல் சென்சார், கற்றுக்கொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் வாங்க வருகிற பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "ஷட்டர் கவுண்ட் எவ்வளவுண்ணா?" அதாவது இதுவரை எத்தனை கிளிக் என்று. 3,000 என்றால் துள்ளிக் குதிக்கிறார்கள், 60,000 என்றால் முகம் சுருங்குகிறது.

டி3500-இன் ஷட்டர் 1,00,000 கிளிக்குக்குச் சோதித்தது, டி850-இன் ஷட்டர் 2,00,000. அந்த எண்ணைத் தொட்டதும் நின்றுவிடாது, அதற்கு முன்னாலேயே போவதும் உண்டு. போனால் என்ன, மாற்றலாம். மாற்றிக் கொடுக்கிறோம். 3,000 கிளிக்கோடு ஆறு வருஷம் பைக்குள் கிடந்த செட்டை எண்ணிப் பாருங்கள். லென்ஸில் ஃபங்கஸ், கண் வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டருக்குள் ஃபங்கஸ், பிடிமான ரப்பர் உப்பி வெளுத்து, பேட்டரி ஆழமாக இறங்கிச் செத்து. குறைந்த ஷட்டர் கவுண்ட் என்றால் அத்தனை நாள் அது எங்கே, எப்படி இருந்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு "பீரோவுல" என்று பதில் வந்தால் டார்ச்சை எடுங்கள். இன்னொன்று, நிக்கானில் எடுத்த படத்துக்குள்ளேயே கவுண்ட் பதிவாகியிருக்கும், பார்த்துக்கொள்ளலாம். கேனானில் பெரும்பாலான மாடல்களில் படத்தில் இருக்காது, கேமராவைக் கணினியில் இணைத்துத்தான் பார்க்க வேண்டும், விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஸ்க்ரீன்ஷாட்டை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள்.

டார்ச் அடிப்பதிலும் ஒரு விஷயம். கேனான் லென்ஸைக் கழற்றினால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் போகிற துவாரம், முழுக்கத் திறந்திருக்கும், உள்ளே எல்லாம் தெரியும். நிக்கான் ஜி வகை லென்ஸைக் கழற்றினால் அது மூடிக்கொள்ளும், பின்னால் இருக்கிற சின்ன உலோக நெம்பை விரலால் தள்ளிப் பிடித்தால்தான் திறக்கும். அதைத் தள்ளாமல் பார்த்துவிட்டு "கிளீனா இருக்கு" என்று வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வருகிறார்கள். அப்புறம் அப்பர்ச்சரைச் சின்னதாக்கி எஃப்/16-இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பாருங்கள், சென்சாரில் இருக்கிற தூசி கறுப்புப் புள்ளியாக நிற்கும். தூசி பரவாயில்லை, சுத்தம் செய்துவிடலாம். கீறல் என்றால் நகர்ந்துவிடுங்கள். திருகுகளின் தலையைப் பாருங்கள், நைந்திருந்தால் யாரோ வீட்டில் திறந்திருக்கிறார்கள். ஜப்பான் கேமராக்களில் இருப்பது ஜேஐஎஸ் என்கிற ஜப்பான் தர வகைத் திருகு, கடையில் கிடைக்கிற சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் சரியாக உட்காராது, வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஆன் செய்ததும் தேதி கேட்டால் மட்டும் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கிற கடிகார பேட்டரி இறங்கியிருக்கும், பல மாடல்களில் சார்ஜ் ஏற்றிய பேட்டரியை 2 நாள் உள்ளே விட்டுவைத்தாலே சரியாகிவிடும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று நிக்கானின் 50 எம்எம் எஃப்/1.8 டி லென்ஸை வாங்கி டி3500-இலோ டி5600-இலோ மாட்டி "ஆட்டோஃபோகஸ் ரிப்பேர்" என்று கொண்டுவருபவர்களும் இருக்கிறார்கள். ரிப்பேர் இல்லை. அந்த லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அந்தக் கேமராப் பாடிகளிலும் கிடையாது. அதே லென்ஸில் மோட்டார் உள்ள ஜி வகை வாங்குங்கள்.

பாடியை விட லென்ஸைப் பார்த்து வாங்குங்கள் என்று நான் கத்துவதற்குக் காரணம் உண்டு. பாடி சில வருஷத்தில் மாறும். 1987-இல் வந்த கேனானின் ஈஎஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டுகிற வாய்) லென்ஸ்கள் இன்றைய கேனான் மிரர்லெஸ்ஸிலும் அடாப்டர் போட்டால் ஓடுகின்றன. நல்ல லென்ஸ் உங்கள் பிள்ளைக்கும் வரும், பீரோவில் வைக்காமல் இருந்தால்.

சரி, எங்கேதான் வைப்பது? கையில் காசிருந்தால் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கிற பெட்டி, டிரை கேபினெட், வாங்கிவிடுங்கள், சில ஆயிரம் ரூபாயில் சின்னது கிடைக்கும், ஈரப்பதத்தை 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்துவிட்டு மறந்துவிடலாம். 30-க்குக் கீழே இறக்காதீர்கள், ரப்பருக்கும் உள்ளே இருக்கிற கிரீஸுக்கும் அது நல்லதில்லை. காசில்லையா, மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று, ஈரத்தை இழுக்கிற சிலிக்கா ஜெல் கால் கிலோ, உள்ளே ஈரப்பதம் காட்டுகிற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர். அந்த ஹைக்ரோமீட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது இல்லையென்றால் நீங்கள் குருட்டு நம்பிக்கையில்தான் இருக்கிறீர்கள். கேமராவோடு பெட்டியில் வந்த அந்தக் குட்டிக் காகிதப் பொட்டலத்தைப் பையில் போட்டுவிட்டு "சிலிக்கா ஜெல் போட்டிருக்கேனே" என்று சொல்லாதீர்கள், அது திறந்த சில நாளிலேயே ஈரத்தைக் குடித்து நிரம்பிவிட்டது. ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் வாங்குங்கள், பச்சையானால் இதற்கென்றே ஒதுக்கிய பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சாகும். நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அதைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, பாதி சார்ஜில் தனியாக வையுங்கள்.

ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ நேராக வெயிலுக்கு வந்தால் லென்ஸில் பனி பிடிக்கும். துடைக்காதீர்கள், முக்கியமாக லென்ஸைக் கழற்றாதீர்கள். ஏசிக்குள் இருக்கும்போதே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்று புகாமல் மூடி வெளியே கொண்டுவந்து, வெளிச் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். தண்ணீரில் விழுந்தால் உடனே பேட்டரியை உருவுங்கள், ஆன் செய்து பார்க்காதீர்கள், அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசி உள்ளே இருக்கிற தண்ணீரை இழுக்காது, அதன் மாவுதான் உள்ளே போகும். கடல் நீர் என்றால் அன்றைக்கே கொண்டுவாருங்கள், மறுநாள் என்பது தாமதம். சென்சாரை வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். கையால் அழுத்துகிற ரப்பர் புளோயர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு உள்ளே இருக்கிற மிரரை எதைக்கொண்டும் தொடாதீர்கள்.

ஃபங்கஸ் போகும் என்று மொட்டைமாடி வெயிலில் லென்ஸைக் காயவைக்கிறார்கள். சூட்டில் கிரீஸ் இளகி அப்பர்ச்சர் இதழ்களில் ஒட்டும், வளர்ந்த ஃபங்கஸ் அப்படியே இருக்கும். வீடியோ பார்த்து வீட்டில் திறப்பது அதைவிட மோசம். ஃபிளாஷ் உள்ள பாடியில், பேட்டரியைக் கழற்றிய பிறகும், கெபாசிட்டர் சில நூறு வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். கை வைத்தால் தூக்கி அடிக்கும்.

உங்களிடம் லென்ஸ் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் லேசாக ஆரம்பித்திருந்தால் தள்ளிப்போடாமல் கொண்டுவாருங்கள், அந்த நிலையில் சுத்தமாக எடுத்துவிடலாம். நாளாகிவிட்டால் பூஞ்சை சுரக்கிற அமிலம் கண்ணாடி மேல் பூசிய கோட்டிங்கை அரித்துவிடும், பூஞ்சையைத் துடைத்தாலும் அதன் தடம் கண்ணாடியில் நிற்கும். ஒட்டவைத்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் புகுந்துவிட்டால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. கேமராவோடு சேர்ந்து வருகிற 18-55 கிட் லென்ஸ் என்றால் சுத்தம் செய்யும் கூலிக்கு இன்னொரு பழைய லென்ஸே வாங்கிவிடலாம், அதை நானே சொல்லி அனுப்பிவிடுவேன். 70-200 மாதிரி விலையுயர்ந்ததென்றால் அரும்பிலேயே கொண்டுவந்தால் செலவு செய்யலாம். அந்த அப்பாவின் 55-250-இல் தடம் விழுந்துவிட்டது. பாடி நன்றாகத்தான் இருக்கிறது, ஆண்டுவிழாவுக்கு ஒரு பழைய 50 எம்எம் பார்த்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.