ரூப்ரிக்: சொல்லின் வரலாறும் அதற்கு ஏற்ற தமிழும்

தென்னாப்பிரிக்காவில் ஆசிரியராக இருப்பவர் எவரும் ‘ரூப்ரிக்’ என்னும் சொல்லைக் கேளாமல் ஒரு பருவத்தைக்கூடக் கடந்துவிட முடியாது. கட்டுரை, வாய்மொழித் தேர்வு, செயல்திட்டம் போன்றவற்றுக்கு மதிப்பெண் இடும்போது ஆசிரியர் பார்த்துக்கொள்ளும் கட்டமிட்ட அட்டவணைக்கு இங்கு அதுவே பெயர். டர்பன் நகரைச் சார்ந்த, தமிழர் வாழும் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் டோங்காட்டிலும் வார இறுதியில் தமிழ் கற்பிப்பவர்கள், பள்ளியில் பழகிய அந்தச் சொல்லை அப்படியே தமிழ் வகுப்புக்கும் கொண்டுவருகிறார்கள். தமிழில் அதை எப்படிச் சொல்வது என்று கேட்டால் ஒருவர் ‘மதிப்பெண் பட்டியல்’ என்கிறார், மற்றொருவர் ‘அளவுகோல்’ என்கிறார். இரண்டும் வேறு பொருள்களுக்கு உரிய சொற்கள். பொருத்தமான சொல்லைத் தேடுவதற்கு முன், இச்சொல் கடந்து வந்த வழியைப் பார்த்துவிடுவது நல்லது.

இலத்தீனில் ‘ரூபர்’ என்றால் சிவப்பு. ‘ரூப்ரிகா’ என்பது செங்காவி மண். உரோமர்கள் சட்டங்களின் தலைப்புகளைச் செங்காவியால் எழுதிவந்ததால், மண்ணின் பெயரே நாளடைவில் சட்டத் தலைப்புக்கும் பெயராயிற்று. இடைக்கால ஐரோப்பாவில் கையால் படியெடுக்கப்பட்ட நூல்களிலும் இயல் தலைப்புகள் சிவப்பு மையில் இடம்பெற்றன. திருச்சபையின் வழிபாட்டு நூல்களிலோ, குருவானவர் வாய்விட்டுச் சொல்லவேண்டியவை கறுப்பிலும், எப்போது எழவேண்டும், எப்போது மண்டியிடவேண்டும் என்பன போன்ற செயற்குறிப்புகள் சிவப்பிலும் எழுதப்பட்டன. இப்படித்தான் தலைப்பைக் குறித்த சொல் நெறிமுறையையும் குறிக்கத் தொடங்கியது. பிரித்தானிய வழக்கில் வினாத்தாளின் முகப்பில் ‘எவையேனும் மூன்று வினாக்களுக்கு விடை எழுதுக’ என்று வரும் அறிவுறுத்தலுக்கும் இதுவே பெயர். மதிப்பெண் இடுவதற்கான விளக்க அட்டவணை என்னும் இன்றைய பொருள் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கல்வியாளர்களிடையே வேரூன்றியது. அங்கிருந்தே அது பிற நாடுகளின் வகுப்பறைகளுக்குப் பரவியது.

தமிழிலும் ‘செம்மை’ என்னும் சொல் சிவப்பையும் குற்றமற்ற நேர்த்தியையும் ஒருங்கே குறிக்கிறது. இரண்டு மொழிகளுக்கும் இதில் உறவு ஏதும் இல்லை. ஆயினும் ‘செந்நெறி’ என்றோ ‘செம்மைநிரல்’ என்றோ புதுச்சொல் படைக்க இந்த ஒற்றுமை நம்மைத் தூண்டும். அந்தத் தூண்டுதலுக்கு இடம் கொடாதிருப்பதே நல்லது. இன்றைய அட்டவணையில் சிவப்பு என்பது எங்கும் இல்லை. சொல்லின் பிறப்பைத் தமிழாக்கினால் அதன் பயன் மறைந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவில் இச்சொல் ஊன்றியதற்குத் தனிக் காரணம் உண்டு. நிறவெறி ஆட்சி முடிந்தபின், 1998 முதல் நடைமுறைக்கு வந்த விளைவுசார் கல்வித் திட்டம், மாணவர் எத்தனை விடைகளை மனப்பாடம் செய்தார் என்பதைக் காட்டிலும் எதைச் செய்துகாட்ட வல்லவர் என்பதையே மதிப்பிட வேண்டும் என்றது. செய்துகாட்டும் திறனை ‘சரி’, ‘தவறு’ என்ற இரண்டே குறிகளால் அளக்க இயலாது; அதைப் படிப்படியாக விவரித்து அளக்க ரூப்ரிக் தேவைப்பட்டது. 2012 முதல் வந்த பாடத்திட்டம் அந்தக் கல்வித் திட்டத்தின் பலவற்றைக் கைவிட்டபோதும் ரூப்ரிக்கைக் கைவிடவில்லை.

இதனோடு சேர்த்துக் குழப்பப்படுவது ‘மெமோ’. மெமோரண்டம் என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘நினைவிற்கொள்ள வேண்டியது’ என்பது பொருள். உலகின் பிற இடங்களில் அது அலுவலகக் குறிப்பு, இங்கோ அது விடைக்குறிப்பு. கணக்குக்கும் இலக்கணத்துக்கும் மெமோ போதும், ஏனெனில் எதிர்பார்க்கப்படும் விடை முன்கூட்டியே தெரியும். காவடித் திருவிழாவைப் பற்றி இருபது மாணவர்கள் எழுதும் இருபது கட்டுரைகளுக்கு மெமோ எழுத முடியாது. அங்கு ரூப்ரிக் வேண்டும்.

ரூப்ரிக்கின் அமைப்பை, மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வின் ஆங்கில முதன்மொழிப் பாடத்தில், மூன்றாம் தாளின் கட்டுரைப் பகுதியை வைத்து விளக்கலாம். கட்டுரைக்கு 50 மதிப்பெண். உள்ளடக்கமும் திட்டமிடலும் 30, மொழியும் நடையும் திருத்தமும் 15, கட்டமைப்பு 5 என மூன்று கூறுகள் அட்டவணையின் இடப்புறத்தில் வரிசையாக நிற்கின்றன. மேற்புறத்தில் மிகச்சிறப்பு, திறன்மிக்கது, நடுத்தரம், தொடக்கநிலை, போதாமை என ஐந்து படிகள் உள்ளன. கூறும் படியும் சந்திக்கும் ஒவ்வொரு கட்டத்திலும், அந்தப் படியில் உள்ள எழுத்து எப்படியிருக்கும் என்னும் விவரிப்பு எழுதப்பட்டிருக்கும். இந்த விவரிப்புகள்தாம் ரூப்ரிக்கின் உயிர். இவை இல்லையேல் எஞ்சுவது வெறும் மதிப்பெண் பங்கீடு.

‘அளவுகோல்’ என்னும் சொல் ஏன் பொருந்தாது என்பது இங்கே விளங்கும். கல்வித் தமிழில் அச்சொல், எதை வைத்து மதிப்பிடுகிறோமோ அந்தக் கூறுக்கே, அதாவது அட்டவணையின் ஒரு வரிசைக்கே, ஏற்கனவே வழங்குகிறது. முழு அட்டவணைக்கும் அதையே பெயராக்கினால் வரிசைக்குப் பெயர் இல்லாமற் போகும். ‘அளவுகோலில் உள்ள அளவுகோல்கள்’ என்று எழுத நேரும். ‘மதிப்பெண் பட்டியல்’ என்பதோ தேர்வு முடிந்தபின் மாணவர் கையில் கிடைக்கும் தாள். ‘மதிப்பீடு’ என்பது செயலையே குறிக்கிறது. அதிலும் இலங்கைத் தமிழர் ‘கணிப்பீடு’ என்றும் ‘மதிப்பீடு’ என்றும் இரு நிலைகளைப் பிரித்து வழங்குவதால், அச்சொல்லின் மேல் இன்னொரு பொருளையும் ஏற்றுவது முறையன்று.

என் பரிந்துரை ‘படிநிலை விளக்க அட்டவணை’ என்பது. சற்றே நீளமான தொடர்தான். ஆனால் படிகள் உண்டு, அவை விளக்கப்பட்டுள்ளன, அட்டவணையாக அமைந்துள்ளன என்னும் மூன்று செய்திகளையும் அது தருகிறது. பேச்சில் ‘படிநிலை அட்டவணை’ என்று சுருக்கலாம். எழுத்துப்பெயர்ப்பையே வைத்துக்கொள்ள விரும்புவோருக்குத் தடையில்லை. மரபிலக்கணத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றுவோர் மட்டும் ‘உரூபிரிக்கு’ என்று எழுதி மாணவர்களைச் சிரிக்க வைக்காமல் இருந்தால் போதும்.

விவரிப்புகளைத் தமிழில் எழுதும்போதுதான் உண்மையான இடர் எழுகிறது. ஆங்கில அட்டவணையை வைத்து மொழிபெயர்ப்பவர், ‘மிக நன்று’, ‘நன்று’, ‘ஓரளவு நன்று’ என்று நிரப்பிவிடுகிறார். நன்று என்பது தீர்ப்பேயன்றி விவரிப்பு அன்று. இரண்டு ஆசிரியர்கள் அதை இரண்டு வகையாகப் புரிந்துகொள்வார்கள். வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் ஒரு சிறுவரின் வாய்மொழித் தேர்வுக்கு, ‘ஐந்து வாக்கியங்களைத் தொடர்ந்து பேசுகிறார், ஆங்கிலச் சொல் இடையில் வந்தால் தாமே தமிழ்ச் சொல்லுக்கு மாற்றிக்கொள்கிறார்’ என்பது மேல்நிலைப் படி. ‘தனிச் சொற்களால் விடையளிக்கிறார், ஆசிரியர் தொடங்கிவைத்தால் வாக்கியத்தை முடிக்கிறார்’ என்பது கீழ்நிலைப் படி. இவ்வாறு எழுதப்பட்டதைப் பெற்றோரும் படித்துப் புரிந்துகொள்ளலாம், சிறுவரும் அடுத்து எதைப் பயில வேண்டும் என்பதை அறியலாம்.

பருவ அறிக்கையில் வரும் எண்களை இந்தப் படிகளோடு ஒன்றாக்கிவிடக் கூடாது. நாட்டின் பள்ளி அறிக்கைகளில் வழங்கும் நிலைகள் ஏழு: 80 முதல் 100 விழுக்காடு வரை பெற்றவருக்கு 7, 70 முதல் 79 வரை 6 என்று இறங்கி, 50 முதல் 59 வரை ‘போதுமான அடைவு’ என்னும் 4 ஆகி, 30 விழுக்காட்டுக்குக் கீழே 1 என முடிகிறது. இவை மொத்த விழுக்காட்டைக் குறிக்கும் குறியீடுகளே; எந்தத் திறனையும் தனியே விவரிப்பன அல்ல. ஆகவே அறிக்கையின் ஏழுக்கும் ‘தரநிலை’ என்றும், அட்டவணையின் ஐந்துக்கும் ‘படிநிலை’ என்றும் வேறு வேறு சொற்களை வைத்துக்கொள்வது தெளிவு தரும். ரூப்ரிக் என்னும் சொல்லின் எஞ்சிய இரு பொருள்களுள், பழைய நூல்களின் சிவப்புத் தலைப்பைச் ‘செந்தலைப்பு’ என்றும், வினாத்தாளின் முகப்பில் உள்ளதை ‘தேர்வர்க்கான அறிவுறுத்தல்’ என்றும் எழுதலாம்.