பெரியப்பாவின் முட்டியும் அம்பாசிடரின் பிரேக்கும்

போன வருஷம் பெரியப்பாவுக்கு வலது முட்டியில் ஆபரேஷன். நடை வந்துவிட்டது, மாடிப்படிகூட ஏறுகிறார். அம்பாசிடரின் பிரேக்கைத்தான் மிதிக்க முடியவில்லை. தரையைத் துளைத்துக்கொண்டு மேலே நீட்டியிருக்கும் பழைய காலத்துப் பெடல். சாயங்காலம் புதுச்சேரி நேரு வீதி நெரிசலில் ஒரு தடவை போய் வந்தால் இரண்டு நாள் தைலம் தேய்க்க வேண்டியிருக்கிறது. வண்டியைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, "முதல்ல என்னை வித்துடுங்க, அப்புறம் வண்டிய வில்லுங்க" என்றார். ஆகவே பவர் பிரேக், அதாவது மிதிக்கும் காலுக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டர், போடுவதென்று முடிவாயிற்று.

முத்தியால்பேட்டையில் ஒரு ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். "பூஸ்டர் மாட்டிட்டா வண்டி சட்டுனு நிக்கும் இல்லண்ணே?" என்று கேட்டேன். மெக்கானிக் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தபடி சிரித்தார். "நிக்கிறது டயர் புடிக்கிற புடியில தம்பி. பூஸ்டர் அய்யாவோட காலுக்கு."

அவர் சொன்னது அப்பட்டமான இயற்பியல். காய்ந்த தார் ரோட்டில் ரப்பரின் பிடிமானம் வண்டி எடையில் 0.7 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக் முழுதாகப் பிடித்த இடத்திலிருந்து நிற்பதற்குச் சுமார் 20 மீட்டர் வேண்டும். இந்தக் கணக்கில் பூஸ்டருக்கு இடமே இல்லை. சக்கரம் உறைந்து நிற்கிற அளவுக்கு மிதிக்கத் தெம்புள்ள காலுக்குப் பூஸ்டரால் ஒரு முழம்கூட மிச்சமாகாது. தெம்பில்லாத கால் என்றால் அந்த 20 மீட்டர் 30, 40 என்று நீண்டுகொண்டே போகும். பூஸ்டருக்கு வேலை அங்கேதான்.

பூஸ்டருக்குள் நடப்பது என்ன? பழைய அடிபம்பை நினைத்துப் பாருங்கள். இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி அடித்தால்தான் தண்ணீர் ஏறும். பம்பு உறிஞ்சுகிறது என்பது நம் பேச்சுவழக்கு. பம்பு செய்வதெல்லாம் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமே. வெளியில் நிலத்தடி நீரின்மேல் உட்கார்ந்திருக்கும் காற்றுமண்டலம் தண்ணீரை மேலே தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை அமுக்குகிற காற்று அது. அதன் பலம் தண்ணீரைப் பத்து மீட்டர் உயரம் வரைதான் தூக்கும். நிலத்தடி நீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் இந்த வகைப் பம்பை விடிய விடிய அடித்தாலும் பலனில்லை.

பூஸ்டரும் இதே காற்றின் தயவில் ஓடுவதுதான். தகர டப்பா ஒன்று, நடுவில் டயஃப்ரம் என்கிற ரப்பர்த் திரை, அதனால் பிரிந்த இரண்டு அறைகள். காலை எடுத்திருக்கும்போது இரண்டிலுமே காற்று குறைவு. அதனால் திரை அசையாது. பெடலை மிதித்ததும் ஒரு சின்ன வால்வு இரண்டு அறைகளுக்கும் இடையிலுள்ள வழியை அடைத்து, பின்னறையை மட்டும் வெளிக்காற்றுக்குத் திறந்துவிடுகிறது. பூஸ்டர் உள்ள காரில் இன்ஜின் அமைதியாக ஓடும்போது காலருகே கேட்குமே 'புஸ்ஸ்' என்று, அது இந்தக் காற்று நுழைகிற சத்தம். திரையின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். முன்னறைக் காற்றில் மூன்றில் இரண்டு பங்கை இன்ஜின் இழுத்துவிட்டிருந்தால், பின்னாலிருந்து தள்ளும் விசை சுமார் 200 கிலோ. சோற்றுப் பானை மூடியைவிடச் சிறிய திரையில் இரண்டு மூட்டை சிமென்ட்டின் எடையைவிட இரு மடங்கு!

அந்த வால்வின் சாமர்த்தியம் இன்னொன்றும் உண்டு. காலைப் பாதியில் நிறுத்தினால் அதுவும் பாதியில் இரண்டு வழியையும் மூடிக்கொண்டு, உள்ளே வந்த காற்றை அப்படியே பிடித்துவைக்கும். மிதித்த அளவுக்கு உதவி, அதற்குமேல் இல்லை. இது இல்லாவிட்டால் தொட்டவுடன் முழு 200 கிலோவும் பாய்ந்து, ஒவ்வொரு சிக்னலிலும் கண்ணாடியில் நெற்றி இடிக்கும்.

காற்றைக் குறைப்பது பெட்ரோல் இன்ஜின். ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்ததும் கார்புரேட்டரின் தகடு மூடிக்கொள்ளும். பிஸ்டன்களோ இழுத்தபடியே இருக்கும். இன்ஜினுக்குள் காற்று போகும் வழியான மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகிறது. ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக அது பூஸ்டரின் காற்றை இழுத்துக்கொள்ளும். பிரேக்குக்குக் கால் மாறுகிற அந்த நொடியில்தான் வெற்றிடம் நன்றாக ஏறியிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. சாதாரண டீசல் இன்ஜினில் காற்றை மறிக்கும் தகடு கிடையாது. அதனால் வாக்குவம் பம்பு ஒன்று தனியாக வேண்டும். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கும்.

அரும்பார்த்தபுரம் மேம்பாலத்து இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு வருகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது. பூஸ்டருக்குள் தேங்கியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். அதன்பிறகு பெடல் கல். பூஸ்டரே இல்லாத வண்டியைவிட அது கடினமாக இருக்கலாம். காரணம், பூஸ்டர் வண்டிகளில் பெடலின் நெம்புகோலைக் குட்டையாக வைத்திருப்பார்கள். பழைய வண்டியில் ஆறுக்கு ஒன்று என்றால் இதில் நாலுக்கு ஒன்று.

சரி, அந்தக் காலத்து வண்டிகள் இது இல்லாமல் எப்படிச் சமாளித்தன? சக்கரத்தோடு சுழலும் டிரம்மை ஷூ என்கிற பிரேக் கட்டைகள் உள்ளிருந்து அழுத்திப் பிடிப்பது டிரம் பிரேக். அது தனக்குத் தானே உதவி செய்துகொள்ளும். ஒரு கம்பை முன்பக்கம் சாய்த்துத் தரையில் ஊன்றியபடி ஓடிப் பாருங்கள், மண்ணில் குத்திக்கொண்டு நிற்கும். அதையே பின்னால் இழுத்துக்கொண்டு ஓடினால் வழுக்கிக்கொண்டு கூடவே வரும். டிரம்முக்குள் முன்னோக்கி அமைந்த ஷூ முதல் கம்பைப் போன்றது. டிரம் சுற்றும் வேகமே அதை மேலும் அழுத்திக் கவ்வ வைக்கும். சுழலும் தட்டை இரு பக்கமும் அழுத்தும் டிஸ்க் பிரேக்கில் இந்தக் கவ்வல் கிடையாது. கார்களில் டிஸ்க் பரவியபோது பூஸ்டரும் கூடவே பரவியதற்கு இது முக்கியக் காரணம். கருவி என்னவோ பழசு. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் டெவாண்டர் உருவாக்கியதை பாஷ் நிறுவனம் 1920-களின் இறுதியிலேயே விற்கத் தொடங்கிவிட்டது.

பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றுவது மாஸ்டர் சிலிண்டர். எங்கள் வண்டியில் அது டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே. அங்கே பூஸ்டர் டப்பாவைச் சொருக இடமில்லை. இதற்கென்று ஒரு வகை இருக்கிறது: மாஸ்டர் சிலிண்டருக்கும் சக்கரங்களுக்கும் நடுவே, பிரேக் பைப்பின் வழியில் எங்கே வேண்டுமானாலும் உட்காருகிற பூஸ்டர். பெடலிலிருந்து வரும் ஆயிலின் அழுத்தமே அதன் வால்வைத் திறந்துவிடும். பானெட்டுக்குள் ஒரு மூலையில் பொருத்துவது என்று தீர்மானித்தோம்.

"அதுக்கு முன்னாடி நாலு வீலையும் கழட்டுவோம்" என்றார் மெக்கானிக் அண்ணன். எனக்குக் கொஞ்சம் சலிப்புதான், வந்த வேலையை விட்டுவிட்டு வேறெதையோ பார்க்கிறாரே என்று. கழற்றிய பிறகு வாயைத் திறக்கவில்லை. பழைய பிரேக் ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் வடிந்தது. நாலு சக்கரத்தில் இரண்டில், ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருவேறி அசையாமல் நின்றிருந்தது. நகத்தால் தடவினால் சிலிண்டரின் உள்சுவர் அம்மைத் தழும்பு போலத் தட்டுப்பட்டது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். கடல் இரண்டு கிலோமீட்டரில் இருக்கிற ஊரில் அதற்குத் தாகம் தீருகிற மாதிரியே ஈரமும் கிடைக்கிறது. உள்ளே போன நீர் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும், கொதிநிலையையும் இறக்கிவிடும். டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140. சூட்டில் ஆவிக்குமிழ் கிளம்பினால் மிதிப்பதெல்லாம் குமிழை அமுக்குவதிலேயே போய்விடும். திரவம் சுருங்காது, அதனால் காலின் அழுத்தம் குறையாமல் நாலு சக்கரத்துக்கும் போகும் என்பதுதான் ஹைட்ராலிக் பிரேக்கின் அடிப்படை. ஆவி நன்றாகச் சுருங்கும்.

வீல் சிலிண்டர் புதுசு, ஷூவுக்கு லைனிங் புதுசு, ஆயில் புதுசு, பைப்பில் புகுந்த ஏரையும் எடுத்தாயிற்று. பூஸ்டர் மாட்டும் முன்பே பெரியப்பாவை ஒரு சுற்று ஓட்டச் சொன்னார் அண்ணன். திரும்பி வந்தவர், "பாதி வலி போச்சே!" என்றார். பாதி வலிக்குக் காரணம் வெறும் துரு. இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவும் செய்தேன். மிச்சம் இருந்த பணத்தில், ஆயில் வழியை முன்சக்கரம் பின்சக்கரம் என்று இரண்டாகப் பிரிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கு மாறியிருந்தால் இன்னும் நிம்மதி. ஒரு பைப் ஓட்டையானால் மொத்த பிரேக்கும் போகிற பயம் இருக்காது. பெரியப்பா கேட்கவில்லை. முட்டி அவருடையது.

மாற்றத்தை ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொண்டுதான் செய்தோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைச் சொல்லிப் பின்னால் யாரும் மடக்கக் கூடாது.

பூஸ்டர் ஏறிய அன்று ஐடிலிங் நிலையாக நிற்கவே இல்லை, இன்ஜின் இருமிக்கொண்டே இருந்தது. செலவைக் குறைக்கிறேன் என்று நான் கொடுத்திருந்த பழைய ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு. அது வழியாகத் திருட்டுக்காற்று மேனிஃபோல்டுக்குப் போய்க் கலவையைக் கெடுத்திருக்கிறது. புது ஹோஸ் போட்டதும் அடங்கியது.

கடைசியாகச் சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதித்து, மிச்ச வெற்றிடத்தைத் தீர்க்க வேண்டும். பெடல் இறுகியதும் மிதித்த காலை எடுக்காமல் சாவியைத் திருப்ப வேண்டும். வெற்றிடம் ஏறினால் பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும். இறங்காவிட்டால் பூஸ்டர் வேலை செய்யவில்லை என்று பொருள்.

பெரியப்பா மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தார். பெடல் ஒரு விரல்கடை இறங்கியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"டேய், யாரோ கீழேருந்து காலைப் புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்குடா!"

"இழுக்கல பெரியப்பா. காத்து தள்ளுது."

"எதுவோ ஒண்ணு. ஏறு, பீச் ரோட்ட வண்டிகளுக்கு அடைக்கிறதுக்குள்ள ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்."