ரவுண்ட் ராபின்: சுழற்சி முறை

இணையப் பெயருக்கு உரிய ஐபி எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்கள் இரண்டோ மூன்றோ இருக்கும்போது, வரும் கேள்விகளை முறை வைத்து ஒவ்வொன்றுக்கும் அனுப்புவதே ரவுண்ட் ராபின். கடைசி சர்வர் முடிந்ததும் மறுபடி முதல் சர்வர்.

ராபின் பறவைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மாலுமிகள் கேப்டன்மீது புகார் மனு எழுதினால் கையெழுத்துகளை வட்டமாகப் போடுவார்கள். முதலில் போட்டது யார் என்று கண்டுபிடித்துத் தண்டிக்க முடியாது. அந்த மனுவின் பெயர் பிறகு விளையாட்டுப் போட்டிக்கும் கணினிக்கும் வந்தது.

ரவுண்ட் ராபினைத் தமிழில் 'சுமைப் பகிர்வு' என்று எழுதுவது தவறு. அது லோட் பேலன்சிங்குக்கான சொல். ரவுண்ட் ராபின் எந்த சர்வரில் எவ்வளவு சுமை என்று பார்ப்பதே இல்லை. மின்வெட்டு அறிவிப்புகளில் சென்னைக்காரர்கள் படித்துப் பழகிய 'சுழற்சி முறை'தான் சரி.

லினக்ஸில் எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று குறித்து வைக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பு 3 நேம்சர்வர்களை (டிஎன்எஸ் சர்வர்களை) மட்டுமே ஏற்கும். லினக்ஸ் வழக்கமாக முதல் சர்வரையே கேட்கும். அது பதில் தராவிட்டால்தான் அடுத்தது. அந்தக் கோப்பில் 'ஆப்ஷன்ஸ் ரொட்டேட்' என்ற வரியைச் சேர்த்தால் சுழலும். ஆனால் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்காது. மூன்றில் ஒன்று படுத்துவிட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒரு கேள்வி 5 நொடி தொங்கும். பதிலுக்குக் காத்திருக்கும் நேரமான டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு அது. அதை 1 ஆகக் குறையுங்கள். பெருங்குடி ஆபீசிலிருந்து "அப்பப்போ மட்டும் ஸ்லோவா இருக்கு" என்று புகார் வந்தால், டிஎன்எஸ் சர்வரை நேரடியாகக் கேட்கும் டிக் கட்டளையால் ஒவ்வொரு சர்வரின் ஐபியையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள்.

இதைவிடப் படுத்தும் கோளாறு, ஆபீசின் உள் சர்வரோடு கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8ஐயும் சுழற்சியில் சேர்ப்பது. ஆபீசுக்குள் மட்டும் வழங்கும் பெயரைக் கேட்டால் கூகுள் சர்வர் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று சொல்லும். அதுவும் முறையான பதில்தான் என்பதால் அடுத்த சர்வருக்குப் போகாது. பிரின்டர் ஒரு முறை கிடைக்கும், மறுமுறை கிடைக்காது.

கேள்விகள் அதிகமுள்ள இடத்தில் கேள்விகளை வாங்கிச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் டிஎன்எஸ்டிஸ்ட் போன்ற மென்பொருளை முன்னால் வைப்பதே நல்லது. சர்வர்களை நொடிக்கொரு முறை சோதித்து, விழுந்ததை விலக்கிவிடும். அதிலும் ரவுண்ட் ராபின் உண்டு. ஆனால் அப்படிச் சுழற்றினால் ஒரே பெயரை எல்லா சர்வரும் தனித்தனியே தேடிக் கேஷில் (தற்காலிக நினைவில்) வைக்க வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க, டிஎன்எஸ்டிஸ்டின் 'டபிள்யூஹேஷ்ட்' கொள்கை ஒரு பெயரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும். எதை வைத்தாலும் ஃபயர்வாலில் டிஎன்எஸ்ஸுக்கான 53ஆம் போர்ட்டை யுடிபி, டிசிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளுக்கும் திறந்துவிடுங்கள். யுடிபியில் அடங்காத பெரிய பதில்கள் டிசிபியில்தான் வரும்.