பிளாஸ்மா தானாகச் சூடேறினால் நிரலைச் சந்தேகி

பிளாஸ்மா இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஆய்வகத்தை விட்டுவிட்டு ஏன் நாள் முழுக்க நிரல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். விடை எண்ணிக்கையில் இருக்கிறது. பிளாஸ்மா என்பது எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து திரியும் வாயு. சாதாரண ஆய்வக பிளாஸ்மாவில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான்கள் இருக்கலாம். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாம் இழுக்கின்றன, தள்ளுகின்றன. சமன்பாடுகள் பள்ளியிலேயே படித்தவைதான். ஆனால் இணை இணையாக விசையைக் கணக்கிட எந்தக் கணினியாலும் ஆகாது.

அதனால் 1950களின் இறுதியில் ஆஸ்கர் புனமன், ஜான் டாசன் போன்றோர் ஒரு குறுக்குவழி பிடித்தார்கள். பல எலக்ட்ரான்களுக்குப் பதிலாளாக ஒரே ஒரு பெருந்துகளை வைத்தார்கள். பின்னால் இதனுடன் ஒரு வலையும் சேர்ந்தது. துகள்களின் மின்னூட்டத்தை அருகிலுள்ள வலை முடிச்சுகளுக்குப் பங்கிட வேண்டும், முடிச்சுகளில் மின்புலத்தைக் கணக்கிட வேண்டும், அதைத் துகள் நிற்கும் இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், துகளை நகர்த்த வேண்டும். பிறகு மறுபடி முதலிலிருந்து. சிமுலேஷன் என்பது இந்தச் சுற்று லட்சக்கணக்கான முறை ஓடுவதுதான்.

வலையின் கட்டம் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதை டெபாய் நீளம் முடிவுசெய்கிறது. ஒரு மின்னூட்டத்தின் செல்வாக்கைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் மறைத்துவிடும் தூரம் அது. மேலே சொன்ன அடர்த்தியில், 10 எலக்ட்ரான் வோல்ட் (ஒரு லட்சம் டிகிரிக்குச் சற்று மேல்) வெப்பநிலையில், அது 0.023 மில்லிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டரை அந்த அளவில் நறுக்கினால் சுமார் 7.7 கோடி கட்டங்கள். கட்டத்துக்கு 100 துகள் வைத்தால் 770 கோடி. ஒரு சுற்றில் முன்னேறும் நேரமான நேர அடியும் அப்படித்தான். அங்கே எலக்ட்ரான்கள் நொடிக்குச் சுமார் 900 கோடி முறை அலைவதால், ஓர் அடி 1.8 பிகோநொடியைத் தாண்டாமல் வைப்பது வழக்கம். ஒரு மைக்ரோநொடியைப் பார்க்க ஐந்தரை லட்சம் அடிகள் வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி: காந்தப்புலத்தில் துகளை நகர்த்துவது. காந்த விசை திசைவேகத்துக்குச் செங்குத்து. துகளைத் திருப்புமே தவிர வேகத்தைக் கூட்டாது. இதை அப்படியே நிரலாக்கினால், பழைய திசைவேகத்துக்குச் செங்குத்தாக ஒரு சிறு துண்டைக் கூட்டுவோம். தாளில் வரைந்து பாருங்கள், செங்கோண முக்கோணம் வரும். புதிய திசைவேகம் அதன் கர்ணம். கர்ணம் எப்போதும் மற்ற பக்கங்களைவிட நீளம்! ஓர் அடிக்கு 0.1 ரேடியன் திரும்பும் துகளுக்கு, அடிக்கு 1 சதவீதம் ஆற்றல் சும்மா கூடும். ஒரு முழு வட்டம் 63 அடிகள். அதற்குள் ஆற்றல் 1.87 மடங்கு. ஆயிரம் அடியில் சுமார் 21,000 மடங்கு. விசை எந்த வேலையும் செய்யவில்லை, துகள் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

ஜே போரிஸ் 1970இல் கொடுத்த தீர்வு ஒரு பக்கத்துக்குள் அடங்கும். மின்புலத்தின் தள்ளலில் பாதியை முதலில் கொடு, காந்தப்புலத்துக்காகத் திருப்பு, மீதிப் பாதியைக் கொடு. திருப்பும்போது, திசைவேக மாற்றம் பழையதற்கு அல்ல, பழையதும் புதியதும் சேர்ந்த சராசரிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இப்போது வரைந்தால் இருசமபக்க முக்கோணம். பழைய நீளமும் புதிய நீளமும் சமம். தோராயமாக அல்ல, துல்லியமாக. புதிய திசைவேகம் தெரியாமலே சராசரியை எப்படி எடுப்பது? துகள் காந்தப்புலத்தில் சுழலும் வீதத்தை (நொடிக்கு எத்தனை ரேடியன்) பாதி நேர அடியால் பெருக்கி வருவதைத் ‘த’ என்று வையுங்கள். திசைவேகத்துக்கும் காந்தப்புலத் திசைக்குமான முதல் திசையன் குறுக்குப் பெருக்கலில் ‘த’, இரண்டாவதில் 2த/(1+த²). இரண்டே பெருக்கலில் வேலை முடிந்தது. கோணத்தில் மட்டும் சிறு பிழை: 0.1 ரேடியன் அடியில் 0.08 சதவீதம் பின்தங்கும். துகள் கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் சூடேறாது.

இங்கே ஒரு பொறி உண்டு. இடமும் திசைவேகமும் பச்சைக்குதிரை தாண்டுவதுபோல அரை அடி இடைவெளியில் மாறி மாறி முன்னேறுகின்றன. தொடக்கத்தில் திசைவேகத்தை அரை அடி பின்னுக்குத் தள்ள மறப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. நிரல் ஓடும், படமும் அழகாக வரும், துல்லியம் மட்டும் ஒரு படி இறங்கியிருக்கும்.

கட்டம் டெபாய் நீளத்தைவிடப் பல மடங்கு பெரிதாகிவிட்டாலும் பொய்ச் சூடு வரும். வலையால் பார்க்க முடியாத சிற்றலைகள் பேரலைகளாக வேடமிட்டுத் துகள்களை உதைக்கும். வெப்பநிலை ஏற ஏற டெபாய் நீளமும் வளர்ந்து கட்டத்தின் அளவை நெருங்கும்போதுதான் இது அடங்கும். ‘பிளாஸ்மா சமநிலைக்கு வந்துவிட்டது’ என்று அதைத் தவறாகப் படிப்பது எளிது.

ஆகவே நிரலுக்குச் சோதனை வேண்டும், விடை முன்பே தெரிந்த சோதனை. எதிரெதிரே பாயும் இரு சமமான குளிர்ந்த எலக்ட்ரான் கற்றைகள் நிலைகுலையும். அந்த அலையின் உச்ச வளர்ச்சி வீதம் பிளாஸ்மா அதிர்வெண்ணின் (மேலே சொன்ன எலக்ட்ரான் அலைவு, ரேடியன் கணக்கில்) 0.354 மடங்கு என்று தாளிலேயே கணக்கிடலாம். நிரலில் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதைத் தானாக ஓட்டி ஒப்பிட வேண்டும். கடைசி இலக்கம்வரை ஒத்துப்போக வேண்டும் என்று கேட்காதீர்கள். நிரலின் ஒரே நேரத்தில் ஓடும் ஆயிரம் இழைகள் ஒரே முடிச்சில் மின்னூட்டத்தைச் சேர்க்கும் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். கணினி ஒவ்வொரு கூட்டலையும் முழுதாக்குவதால், வரிசை மாறினால் கடைசி இலக்கமும் மாறும். வளர்ச்சி வீதம், மொத்த ஆற்றல் போன்றவற்றைத்தான் ஒப்பிட வேண்டும்.

மீகணினி வாங்கப் பணம் கிடைக்கிறது. அதில் ஓடும் நிரலைப் பத்தாண்டு பராமரிக்க ஒருவருக்குச் சம்பளம் கேட்டால், ‘இது ஆராய்ச்சியா?’ என்கிறார்கள். ஆய்வு மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போனதும் நிரலும் அநாதையாகிறது. இந்தக் கஞ்சத்தனத்தின் விலை தவறான முடிவுகள் என்பது என் கருத்து.

அப்படிப்பட்ட நிரல்களில் ஒளிந்திருக்கும் ஒரு வழுவைப் பாருங்கள். நினைவகம் மிச்சம்பிடிக்கத் துகளின் இடத்தை 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணாகச் சேமிக்கிறார்கள். இதில் மதிப்பு கூடக் கூட, அடுத்தடுத்த எண்களின் இடைவெளியும் கூடும். வலையின் 9,000ஆவது கட்டத்தருகே அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையிலான இடைவெளி 0.00098 கட்டம். எலக்ட்ரான் ஓர் அடியில் 0.1 கட்டம் நகர்வதால் அதற்குச் சிக்கலில்லை. அதே சூட்டிலுள்ள ஆர்கான் அயனி சுமார் 270 மடங்கு மெதுவானது; ஓர் அடிக்கு 0.00037 கட்டம்தான் நகரும். இடைவெளியின் பாதியைக்கூட எட்டாததால் கூட்டல் முழுதாக்கப்பட்டுப் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். பெட்டியின் இடது ஓரத்தில் அயனிகள் நடக்கும், வலது ஓரத்தில் உறைந்து நிற்கும். கட்ட எண்ணைத் தனியாகவும் கட்டத்துக்குள் உள்ள பின்னத்தைத் தனியாகவும் வைத்தால் தீர்ந்துவிடும். ஆனால் கற்றைச் சோதனையில் அயனிகள் நகராத பின்னணிதான் என்பதால், அது இதைக் காட்டிக்கொடுக்காது. நகரும் அயனிகளை வைத்து, அதே அமைப்பை 9,000 கட்டங்கள் தள்ளி இன்னொரு முறை ஓட்ட வேண்டும்.